ஆற்றோடு போன புள்ளி

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணனுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் திட்டும், கடைசி வரியில் நலவிசாரிப்பும் கிடைக்கப்பெற்றேன். நலமே. அண்ணியிடமும் அப்படியே சொல்லவும்.

நான் ஆற்றோடு போய்விட்டதாக உங்களிடம் சொன்னவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். மலைக்காட்டில் பறவைகளைப் படமெடுக்கப் போன ஒருவர் திரும்பவில்லை என்று எங்கள் தேடுதல் குழுவைக் கூப்பிட்டார்கள். அங்கே செல்போன் செத்த பொருள். அதனால் தொண்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரேடியோ கருவி. நாம் நடப்பது முகாமில் உள்ள கணினித் திரையில் புள்ளியாக நகரும். கழுத்தில் மாட்டச் சொன்னார் குழுத் தலைவர், நான் பையில் மாட்டினேன். ஓடையில தண்ணி குடிக்கக் குனிஞ்சப்போ பை வழுக்கித் தண்ணியோட போயிடுச்சு. பின்னாலயே குதிக்கவா முடியும்? மேல ஏறினேன். ஒரு பாறைக்கு அடியில அந்த மனுஷன் கணுக்கால் வீங்கி, நனைஞ்சு நடுங்கிக்கிட்டுக் கிடந்தாரு. மத்தவங்க எங்கேன்னு கேட்டாரு. வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன். வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, என் புள்ளிக்குப் பின்னாடி, அருவி வரைக்கும். அவரைத் தோள்ல சாய்ச்சு இறக்கினேன். பாதி வழியில, என்னை விட்டுட்டுப் போயிடுங்கன்னாரு. பள்ளிப் பேருந்து ஓட்டினப்போ பிள்ளைங்களை அதட்டுவேனே, அந்தக் குரல்ல "எந்திரி"ன்னேன். எந்திரிச்சாரு.

முகாம்ல தலைவர் மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாரு. கனைச்சேன். திரும்பாமலே, "கொஞ்சம் இருங்க, எங்க ஆளு ஒருத்தங்க ஆத்தோட போயிட்டாங்க"ன்னாரு, குரல் உடைஞ்சு.

"அது நான்தாங்க"ன்னேன்.

என்னைப் பார்த்தாரு, திரையைப் பார்த்தாரு, தலையில கை வச்சுத் தரையிலயே உட்கார்ந்துட்டாரு. புள்ளி இன்னும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

இப்போ அவர், துணை இல்லாமப் போகக் கூடாதுங்கறார். நீங்க, வீட்டோட கிடன்னு எழுதறீங்க. ரெண்டும் நடக்காது. கருவியை இனி கழுத்துலயே மாட்டிக்கறேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்கு மேல ஒரு படி இறங்க மாட்டேன். அந்த மனுஷன் உயிரோட இருக்கார். என் கையைப் பிடிச்சுக் கூட்டிப்போக எந்தக் கொம்பனும் வேண்டாம்.

அண்ணியின் முழங்கால் வலியும் அதற்கு முன்பே உங்கள் கோபமும் தணிய வேண்டி,
அடங்காத தங்கை.

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் தலைவர் வந்து, துணையோடுதான் போவேன் என்று என்னிடம் கையெழுத்தே வாங்கிவிட்டார். துணை யார் என்று கேட்டார். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி, செருப்போடு வந்து நிற்காதீர்கள்.