ஒரு கண் திறந்ததும் அடித்த மணி

அன்பு மகள் நந்தனாவுக்கு,

மயிலாடியிலிருந்து அப்பா சுயம்புராஜ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். சிற்பப் பட்டறை சுகம். என் கழுத்து பழையபடிதான்.

நீ பட்டறையில் மாட்டிவிட்டுப் போன மணியை உடனே வந்து கழற்ற வேண்டும். பிசியோதெரபி படித்தவள், கல்லோடு கிடப்பவர்களுக்குத் தினமும் பத்து நிமிட இடைவேளை வேண்டும் என்றாய். பத்தரைக்கு மணி அடித்தால் உளியை வைத்துவிட்டு, கழுத்தைத் திருப்பி, கையை உயர்த்தி, மருந்துவாழ்மலையைப் பார்த்து மூச்சுவிட வேண்டும். பொறுத்தேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சுகிராமத்து இசக்கியம்மன் சிலைக்குக் கண் திறப்பு. முகூர்த்தம் பத்தே முக்கால் வரை. தவறினால் அடுத்தது ஒரு மாதம் கழித்து, அதற்குள் கோயில் கொடைவிழாவே முடிந்துவிடும். கோயில் தலைவர், மேளம், பெண்கள், எல்லோரும் பட்டறைக்கு வந்து நிற்கிறார்கள், நம் சிற்பி முத்துநாயகம் வலது கண்ணைத் திறந்தான், அம்மன் பார்த்தாள், மணி அடித்தது, உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"எடுலே, நேரம் போவுது" என்று அவன் காதில் சொன்னேன்.

"கையி விறைக்கி அண்ணாச்சி. நந்தனா பிள்ள சொன்னா சொன்னதுதான்."

ஒரு கண்ணோடு அம்மன். என்னை மட்டும் பார்ப்பதுபோல் இருந்தது.

ஏழு சிற்பிகளும் வரிசையாக நின்று கழுத்தைத் திருப்பினார்கள். இதுவும் சடங்கு என்று நினைத்துவிட்டார் தலைவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் திருப்பினார், அவர் திருப்பினால் ஊரே திருப்பும், மேளக்காரர் அதற்குத் தாளம் போட்டார், கைகள் உயர்ந்தன, பெண்கள் குலவையிட்டார்கள், மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாயிருக்குமா? திருப்பினேன்.

பத்து நாற்பது. முத்துநாயகம் உளி எடுத்தான். கையில் விறைப்பு போயிருந்தது. இடது கண் வலதைவிட அழகு, வெளியே சொல்லாதே.

தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த முறையெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மன் முன்னால் உண்மையைச் சொல்லாமல் நின்றேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே மணி வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அம்மன் இரண்டு கண்ணாலும் உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். கழுத்து முழுதாகத் திரும்பியது. தலைவர் போனில் இருந்தார். தோள்வலி போய்விட்டதாம்; வெள்ளிதோறும் கோயிலில் அந்தச் சடங்கை நடத்த வேண்டுமாம். உள்ளதைச் சொல்லிவிட்டேன்: சடங்கு இல்லை, என் மகள் வைத்த இடைவேளை. பிறகு, "அப்ப அந்தப் பிள்ளயக் கூட்டிட்டு வாரும்" என்றார். மணியைக் கழற்ற வேண்டாம். வரும்போது கோயிலுக்கு இன்னொன்று வாங்கி வா.