கல்லண்ணையின் காற்சட்டைப் பை

கனடாவுக்கு வந்த தமிழர்களில் இன்னொரு மனிதனை அதிகம் விசராக்கியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு கல்லண்ணைக்குத்தான். இரண்டாம் பரிசையும் அவரே தூக்கிக்கொண்டு போவார். விசராகி, பைத்தியம் பிடித்து அலைந்தவன் நான். சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், அவரோடு ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தேன்.

நகரத்துக்குள், வீடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு பழைய யூத மயானத்தில் புல் வெட்டுவது அவர் வேலை. முதல் கிழமையே ஆள் ஒரு சாதனை செய்தார். கல்லறைகளின் மேல் சின்னச் சின்னக் கற்கள் கிடந்தனவாம். பெடியளின் குழப்படி என்று நினைத்து, ஒன்று விடாமல் பொறுக்கி, இரண்டு வாளி நிறையக் கொண்டுபோய்க் குப்பை லொறியில் கொட்டி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், ஒரு வயதான யூத அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாராம். அங்கே பூ வைப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். எத்தனையோ வருடமாகச் சனம் வந்துபோன அடையாளத்தை இவர் ஒரு பின்னேரத்தில் கூட்டித் துடைத்திருக்கிறார்.

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். இவரோ எல்லாக் கல்லறைக்கும் கல் திருப்பி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா கேட்கவேயில்லை!

பிறகென்ன, எங்கே போனாலும் குனிந்த தலைதான். யூனியன்வில்லில் என் மச்சாளின் புது வீட்டுக் குடிபூரலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் அழகுக்குப் போட்டிருந்த வெள்ளைக் கற்களை இரண்டு பையிலும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"உது இஞ்ச கிடந்து என்ன செய்யப்போகுது தம்பி? அங்க மயானத்தில, தையல்காரச் சங்கத்து ஆக்களைத் தாட்ட வரிசையில இன்னும் பதினெட்டுப் பேர் பாத்துக்கொண்டிருக்கினம்."

மச்சாள் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

விருந்தாளி வந்தால் எல்லோரும் நயாகராவுக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் அறைக்கு வந்தால் மயானம்தான், கல்லண்ணைதான் வழிகாட்டி. "முதல் வந்த யூதச் சனம் கோயில் கட்ட முதலே இந்தக் காணியை வாங்கினது. எங்கட சனம் எண்டா முதல் கோயில், பேந்து கோயிலுக்கு வழக்கு." வெளியே வரும்போது குழாயடியில் எல்லோரும் கை கழுவவேண்டும். "செத்தவீட்டுக்குப் போனா நாங்கள் வந்து தலையில தண்ணி ஊத்தித் தோயிறேல்லையே?"

ஒரேயொரு கல்லறையின் முன்னால் மட்டும் அவர் குரல் தணியும். அதில் தாய் தகப்பன் பெயருக்குக் கீழே இன்னும் ஐந்து பெயர்கள். "உவை இஞ்ச இல்லை. யூரோப்பில, அந்தப் பெரிய சண்டையில போனவை. எங்க கிடக்கினம் எண்டே தெரியாது. பேரையாவது வெட்டி வைச்சிருக்கினம்."

2009 வந்தது. ஊரில் சண்டை முடிகிற நாட்கள். அவருடைய ஒரே தங்கச்சி வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். ஒரு தகவலும் இல்லை. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னைவிட இரண்டு மடங்கு கல் பொறுக்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே உடுப்புத் தோய்க்கிற லோன்றி ரூமில், பையில் கல்லோடு அவருடைய காற்சட்டை கடகடவென்று சுற்றி, மெசின் கண்ணாடி வெடித்தது. கட்டடத்தைப் பார்க்கிற சுப்பர் என்னைப் பிடித்துக் கிழித்தார். இனி ஒரு கல்லைக் கண்டால் அறையைக் காலி செய்யவேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய பை, சப்பாத்து, கட்டிலடி எல்லாம் துழாவி, இருந்த கல் அத்தனையையும் குப்பைக் குழாய்க்குள் கொட்டினேன். பதினாலு மாடிக்கும் சத்தம் கேட்டது. "கண்டறியாத கல்லு!" என்று கதவையும் அடித்துச் சாத்தினேன்.

அடுத்த நாள் விடிய, முகாமிலிருந்து யாருடையதோ போனில் தங்கச்சியின் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துச் சொன்னார். ஷெல் விழுந்து அவள் போய்விட்டாள். ஓடிக்கொண்டிருந்த சனத்தால் ஒரு பிடி மண் போடவும் முடியவில்லை. வீதியோரம் விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம்.

கல்லண்ணை போனை வைத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தார். பயத்தில் நானும் பின்னாலேயே போனேன். அந்த ஐந்து பெயருள்ள கல்லறையின் முன்னால் போய் நின்றார். இடது பைக்குள் கை விட்டார். வலது பைக்குள் விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கல்லுத் தாவன்."

என்னிடம் ஏது கல்? அவர் பார்க்கிற புல்தரையில் ஒரு மண்ணாங்கட்டிகூடக் கிடையாது. கேற்றுக்கு வெளியே ஓடினேன். எங்கே பார்த்தாலும் சீமெந்தும் தாரும். பஸ் தரிப்பிடத்தில் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, முழங்காலில் நின்று, மரத்தடி மண்ணைக் கையால் கிளறி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் அதைச் சட்டையில் துடைத்தார். "இவைக்கு வைக்கிறன். அவளுக்கும் சேரும், என்ன?"

"சேரும் அண்ணை."

அவர் போய்ச் சேர்ந்து இப்போது நான்கு வருடம். எங்கள் முறைப்படி எரித்தோம், அவருக்கென்று ஒரு கல்லறை இல்லை. அதனால் அந்த ஐந்து பேரிடம்தான் போய்வருகிறேன்.

போன கிழமை, கல்யாணம் முடித்து இப்போது நான் இருக்கிற டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டடத்து லோன்றி ரூமிலிருந்து மனைவி கத்தினாள். "இஞ்சாருங்கோ, மெசினுக்குள்ள என்ன கோதாரி உது, கடகடவெண்டு அடிக்குது?"

போய்ப் பார்த்தேன். கல்லுத்தான். என்னுடைய காற்சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அந்தக் கண்டறியாத மனிசனில் எனக்கு அவ்வளவு விருப்பம்.