ஜாஸ்லினுக்கு மணல் ஆகாது

பன்னாட்டு விளையாட்டு விழாவுக்குச் சென்ற நமது நாட்டு அணி, ஒருவர்கூடக் காணாமல் போகாமல் பத்திரமாகத் திரும்பி வந்தது. இதை முதலில் பாராட்டிவிட வேண்டும். வீரர்களைவிட அதிகாரிகள் அதிகம் போயிருந்தபடியால், விமான நிலையத்தில் ஆளை எண்ணிச் சரிபார்ப்பதே லேசான காரியமல்ல. நமது அணி எல்லாப் போட்டிகளிலும் நல்லெண்ணத்தை ஈட்டியது என்றும், பதக்கங்களைப் பொறுத்தவரை பிற நாடுகளின் உணர்வுகளுக்கு மதிப்பளித்தது என்றும் அறிக்கையில் கண்டிருந்தது.

இந்த நல்ல பெயருக்கு ஒரே ஓர் இடத்தில்தான் களங்கம் வந்தது. ஆவடிக்கு அடுத்த வெள்ளானூரைச் சேர்ந்த ஜாஸ்லின் என்ற பெண், நீளம் தாண்டுதலில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கிவிட்டாள். அவள் தாண்டியபோது அதிகாரிகள் எல்லோரும் கடைவீதியில் இருந்தார்கள். ஓட்டல் அறைக்குத் திரும்பி டிவியைப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்து, அவசர அவசரமாகப் பெருமைப்பட்டார்கள்.

ஜாஸ்லின் எங்கள் தெருப் பெண். எங்கள் மனைப்பிரிவுக்கு கிரீன் பேர்ல் அவென்யூ என்று பெயர். பச்சையும் கிடையாது, முத்தும் கிடையாது. வருஷம் பூராவும் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். அவளுடைய அப்பா ஜோசப்ராஜ், ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தவர். குவார்ட்டர்ஸில் மைதானம் இருந்தது. இங்கே, வீடு கட்டக் கொட்டி வைத்த மணல்தான் இருந்தது. ஜாஸ்லின் அதில் தாண்டிப் பழகினாள். ஒரு வீட்டுக்குப் பூச்சு முடிந்து மணல் தீர்ந்தால், அடுத்த கடைக்கால் எங்கே தோண்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போவாள். இந்த நாட்டின் நீளம் தாண்டுதல், வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி மேனேஜர்களின் கையில் இருந்தது.

கடைசியாக அவள் பழகியது, எங்கள் தெருவில் மாடி கட்டிக்கொண்டிருந்த உத்தமன் வீட்டு எம்-சாண்டில், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணலில். விழுந்தால் முழங்கால் தோல் உரியும். தோலைப் பற்றி உத்தமனுக்குக் கவலையில்லை.

"யம்மா, மாடிக்கு வெச்சிகிற மணலுமா அது. நீ குதிச்சி குதிச்சி ரோடெல்லாம் எறைச்சிகினு கீற. அப்பால நான் இன்னாத்த வெச்சி பூசுறது?"

பதக்கம் வந்ததும் இதே உத்தமன்தான் முதல் சால்வை போட்டார்.

பாராட்டு விழாவுக்குத் திருமுருகன் வந்திருந்தார். பதக்க வாய்ப்பு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு அலுவலர். அப்படியோர் ஆணையம் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மேடையில் மைக்கைப் பிடித்து, "என்ன வேண்டும், தயங்காமல் கேளம்மா" என்றார். வீடு கேட்பாள், கார் கேட்பாள் என்று எல்லோரும் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தோம்.

"நம்ம நகர்ல பார்க்குக்குன்னு விட்ட காலி எடம் இருக்கு சார். அதுல ஒரு குழி வெட்டி ஒரு லாரி மணல் கொட்டிக் குடுத்தா போதும். ஆத்து மணலா இருந்தா நல்லது. அடுத்த விழாவுல இன்னும் ஓரடி சேத்துத் தாண்டிடுவேன்" என்றாள் ஜாஸ்லின்.

கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திருமுருகன் மட்டும் முகம் மாறாமல், ஆவன செய்யப்படும் என்றார்.

ஆவன செய்வதற்கு முன் ஆய்வு செய்ய வேண்டுமல்லவா. திருமுருகன் தலைமையில் இரண்டு காரில் குழு வந்தது.

"தாங்கள் ஓடி வரும் பாதை எது?"

"இந்த ரோடுதான் சார்."

"நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறதே."

"அதைத் தாண்டித்தான் சார் வருவேன்."

திருமுருகன் குழுவினரைப் பார்த்தார். குழுவினர் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

"நாய் ஏதேனும் உண்டா?"

"தொரத்தும் சார்."

"முறையாகத் துரத்துமா, அல்லது விட்டுவிட்டா?"

"காலைல கரெக்டா தொரத்தும் சார். சாயங்காலம் அதுக்கு மூடு இருந்தாத்தான்."

"மணல் எப்படி?"

"கீறும் சார். அதுக்குப் பயந்தே காலைத் தூக்கிப் புடிச்சிகினு இருப்பேன்."

குழுவில் ஒருவர் தன்னை மறந்து "ஆகா" என்றார்.

ஆய்வின் முடிவு இதுதான். குளிர்சாதன வசதி கொண்ட தேசியப் பயிற்சி முகாமில் சலித்து எடுத்த மணல் உண்டு, ஓடுதளம் உண்டு, ஊட்டச்சத்து நிபுணர் உண்டு, பதக்கம் இல்லை. வெள்ளானூரில் பள்ளம் உண்டு, நாய் உண்டு, பதக்கமும் உண்டு. எனவே வசதியே பதக்கத்துக்கு எதிரி. ஜாஸ்லினுக்கு மணல் வழங்குவது தேச நலனுக்கு உகந்ததல்ல. அவர் பயின்ற தெரு, பயின்ற நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வரவிருந்த தார் ரோடு நின்றது. கம்பத்தில் பல்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். முனையில் 'இடர்வழிப் பயிற்சித் தெரு' என்று பெரிய பலகை வைத்து, அதற்கு மட்டும் விளக்குப் போட்டார்கள். நகர் நலச் சங்கத்தில் நாங்கள் கூடி, கைதட்டி, நன்றித் தீர்மானம் போட்டோம். ரோடு எந்த ஊரிலும் இருக்கும், இந்தக் கௌரவம் எந்த ஊருக்குக் கிடைக்கும்?

பிறகு இது நாகரிகமாகிவிட்டது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கஷ்ட கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. கம்பெனியே கிழித்துக் கொடுக்கும் ஷூ, முழு ஷூவைவிட விலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு கொள்ளாமல் கார்கள் நிற்கும். ஏ.சி.யை அணைக்காமல் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வெறுங்காலில் ஓடச் சொல்வார்கள். அம்பத்தூர் அடுக்ககத்திலிருந்து வந்த ஷர்மிளா என்ற அம்மாள், பயிற்சியாளரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"மாஸ்டர், எங்க சரணுக்கு நேரா அட்வான்ஸ்டு கஷ்டமே குடுத்துடுங்க. பேசிக் கஷ்டமெல்லாம் ஸ்கூல்லயே முடிச்சிட்டான். அப்புறம், இந்த நாய்க்கு ஊசி போட்டிருக்குல்ல?"

இத்தனை அமளியில் ஜாஸ்லினுக்குத் தாண்ட இடமில்லாமல் போயிற்று. உத்தமன் தன் மணலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, பூசாத மாடியை அப்படியே விட்டுவிட்டார். ஒருநாள் அவள் வேலிக்கு வெளியே நின்று கேட்டாள்.

"அண்ணா, ஒரு பத்து தடவை மட்டும் தாண்டிக்கறேன்."

"அண்ணாத்த சொல்றேன்னு கோச்சிக்காதமா. இது முன்ன மாதிரி வெறும் மணல் இல்ல. நீ குதிச்ச மணலு. எங்கிருந்தெல்லாமோ வந்து போட்டோ புடிச்சிகினு போறாங்க. அதுல நீயே வந்து குதிச்சா கலைஞ்சிடாது?"

அவள் கட்டாந்தரையில் தாண்டிப் பார்த்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. ஜோசப்ராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு திருமுருகனின் அலுவலகத்துக்குப் போனார். கூட வரச் சொன்னார் என்று நானும் போனேன்.

"சார், அணித் தேர்வுக்கு நாள் நெருங்குது. ஒரு லாரி மணல், அவ்ளோதான்" என்றாள் ஜாஸ்லின்.

"நான் என்ன உனக்கு விரோதியா? மணலைக் கொடுத்தால் நீ என்னம்மா ஆவாய்?"

"தாண்டுவேன் சார்."

"அதுதான் கூடாது. மணலில் யார் வேண்டுமானாலும் தாண்டலாம். இல்லாமையில் தாண்டியவள் நீ. அதை உன்னிடமிருந்து பறிக்கிற பாவத்தை நான் செய்யமாட்டேன்."

ஜோசப்ராஜுக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஃபேக்டரில டாங்கிக்கே ஓட்டிப் பாக்கத் தனி ரோடு போட்டு வெச்சிகிறாங்க சார். எம் பொண்ணுக்கு ஒரு குழி கூடாதா?"

"உங்கள் டாங்கி எத்தனை பதக்கம் வாங்கியிருக்கிறது?" என்று கேட்டார் திருமுருகன்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். அன்றைக்கு ஆவடியில் அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அப்படியே ஒரு போட்டோ எடுத்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஏகப்பட்ட கும்பிட்ட கைகள் வந்தன.

அடுத்த விளையாட்டு விழாவுக்கு அணி முழுவதையும் புதிய முறையில் தயார் செய்தார்கள். குத்துச்சண்டைக்காரர்களுக்கு முட்டை நின்றது. ஓடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாய் ஒதுக்கப்பட்டது. நீச்சல் வீரர்களுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அதிகாரிகள் மட்டும் பதக்கத்துக்கு ஆசைப்படாதவர்களாகையால், வழக்கமான வசதியோடு போனார்கள். அணி பத்திரமாகத் திரும்பி வந்தது. இந்த முறை களங்கம் ஏதும் இல்லை.

ஜாஸ்லின் தகுதிச் சுற்றிலேயே வெளியேறியிருந்தாள். ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டி, ஏன் தோற்றீர்கள் என்று கேட்டார்.

"பழகறதுக்கு மணல் இல்ல சார். ரெண்டு வருஷமா கேக்கறேன்" என்றாள்.

நாடே உருகிவிட்டது. அந்த வீடியோவைப் பார்க்காத போன் இல்லை. இவ்வளவு இடர் இதற்குமுன் எந்த வீராங்கனைக்கும் வாய்த்ததில்லை, ஆகவே அடுத்த முறை தங்கம் உறுதி என்று திருமுருகன் அறிவித்தார். நானும் வீடியோவை எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அழுகை வந்தது.

எங்கள் சங்கம் சும்மா இருக்கவில்லை. பார்க்குக்காக விட்ட காலி இடத்தில் ஜாஸ்லினுக்குச் சிலை வைப்பதென்று ஏகமனதாக முடிவு செய்தோம். தாண்டுகிற கோலத்தில் சிலை, கீழே 'மணலின்றி வளர்ந்த மங்கை' என்று கல்வெட்டு. பீடம் நாளைக்கு விரிசல் விடக்கூடாது, எம்-சாண்ட் வேண்டாம் என்று உத்தமன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். யார் யாரையோ பிடித்து, அசல் ஆற்று மணல் ஒரு லாரி வரவழைத்தோம்.

லாரி கொட்டிவிட்டுப் போன சத்தம் கேட்டு ஜாஸ்லின் வெளியே வந்தாள். குவியலைப் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தெருவின் கோடிவரை நடந்து போய்த் திரும்பி நின்றாள். நாய் எழுந்துகொண்டது. அவள் ஓடி வந்து, பள்ளத்தைத் தாண்டி, காலி இடத்துக்குள் நுழைந்து, காலை உதைத்து எழும்பி, அந்த மணலில் போய் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"யம்மா, இன்னாமா இது" என்று உத்தமன் ஓடினார். "செலைக்கு வெச்சிகிற மணலுமா. இப்டி எறைச்சிட்டா பீடத்துக்கு எங்க போறது?"

எல்லோரும் சேர்ந்து கத்தினோம். என் குரல்தான் சற்றுப் பெரிதாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஜாஸ்லின் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எவ்வளவு தூரம் தாண்டினாள் என்று எங்களில் யாரும் அளக்கவில்லை. கொத்தனார் சிதறிய மணலை மண்வெட்டியால் ஒன்றாகச் சேர்த்து, சிமெண்டு மூட்டையைப் பிரித்தார்.