கண்ணாடிப் பெட்டியில் முதல் பக்கம்

டார்லோ கவுண்டி நீதிமன்றத்தின் ஆவணங்கள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கின்றன. இதை மறுப்பவர்கள், அங்கே எதையாவது பார்க்கப் போய் வந்தவர்கள் மட்டுமே.

ஒலீட்டா க்ரம்ப் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, கோழி ஆலை வேலைநிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரனைக் கீழே தள்ளியதாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள். அவன் தரையில் கிடந்த கோழிக் கொழுப்பில் தானாக வழுக்கி விழுந்தவன் என்று தெரிந்து வழக்குத் தள்ளுபடியாயிற்று. இப்போது பள்ளி வாரியம் ஓட்டுநர்களின் பழங்கதையைத் தோண்டுகிறது. தள்ளுபடி உத்தரவை வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய பதிவாளர் டுவெய்ன் ஹாகெட் கணினியைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"அதிர்ஷ்டக்காரிம்மா நீங்க! இது திறந்த ஆவண மாசம். உங்க வழக்குக் கட்டத்தான் காட்சிக்கு வச்சிருக்கோம்."

கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவளுடைய வழக்குக் கட்டு, முதல் பக்கம் தெரியும்படி. நாற்பதாயிரம் கட்டுகளில் எலி கடிக்காதவை இரண்டுதான்; அதில் இது ஒன்று. முடி திருத்தும் கடை வைத்திருக்கும் வெர்னா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குற்றப்பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே ஒலீட்டா, போலீஸ்காரனையே உருட்டியிருக்கியே! பூனை மாதிரி இருந்தியேடி!"

"கடைசிப் பக்கத்தப் படி வெர்னா. தள்ளுபடின்னு இருக்கும்."

"அது எங்க தெரியுது? தெரியறதத்தானே படிக்க முடியும்? நெருப்பில்லாம புகையுமா?"

ஒலீட்டா பதிவாளரிடம் திரும்பி ஓடினாள். "பெட்டியத் திறங்க சார்."

"திறக்கக் கூடாதும்மா. நம்ம ஆவணமெல்லாம் திறந்திருக்குங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி. பூட்டாம விட்டா யாராவது எடுத்துப் படிச்சிடுவாங்க."

"ஒரு நகலாவது குடுங்க."

"ஆவண அறையில இருக்கிற கட்டுக்குத்தான் நகல். இது அறையில இல்லையே, காட்சியிலதானே இருக்கு!"

வியாழக்கிழமை நீதிபதி முன் நின்றாள். "ஐயா, தள்ளுபடி பண்ணினதே நீங்கதான்!"

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. அந்தக் கொழுப்பு நாத்தம்கூட ஞாபகம் இருக்கு. ஆனா ஞாபகத்த வச்சு நீதி வழங்க முடியாது. ஆவணம் வேணும்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவிட்டார்: பொதுமக்களின் அறியும் உரிமையை முன்னிட்டுப் பக்கங்களைத் திருப்பலாம், ஆயினும் மெதுவாகப் படிப்போரின் உரிமையும் புனிதமானதாகையால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பக்கம் மட்டுமே திருப்பப்படும்.

கட்டில் முப்பத்தொரு பக்கங்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி வாரியத் தலைவர் கையை விரித்தார். "கடைசிப் பக்கம் உங்க வாயில இருக்கு. முதல் பக்கத்த நாங்களே குடும்பத்தோட போய்ப் பாத்துட்டு வந்தோமே!"

ஒலீட்டா பழைய கோழி ஆலைக்கே தரை கழுவப் போனாள். நவம்பர் தேர்தலில், 'கண்ணாடி போன்ற நிர்வாகம்' என்று சொல்லி நின்ற ஹாகெட் மறுபடி வென்றார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஒலீட்டாவும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். சீட்டில் வேறு பெயர் இல்லை.

முப்பதாவது திங்கட்கிழமை கடைசிப் பக்கம் திரும்பியது. 'தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒலீட்டா ஆலை உடுப்போடு ஓடி வந்தாள். பெட்டியின் முன் ஈ காக்கை இல்லை.

கூட்டமெல்லாம் பக்கத்தில் புதிதாக வைத்திருந்த இரண்டாவது பெட்டியைச் சுற்றி நின்றது. நடுவில் வெர்னா அழுதுகொண்டிருந்தாள். "என் கடைக்கு நானே தீ வைக்கலங்க! மின்கசிவுன்னு கடைசிப் பக்கத்துல இருக்கு! ஒலீட்டா, நீயாவது சொல்லுடி!"

ஒலீட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து, முதல் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"நெருப்பில்லாம புகையுமா?" என்றாள்.