மெத்தை அண்ணாச்சியின் மாடி ரெக்கார்டிங்

சத்தத்தைப் பிடிப்பதற்காக உலகத்துச் சத்தங்கள் அத்தனையோடும் சண்டைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் ஆரியசாலை மெத்தை அண்ணாச்சிதான். கீழே பஞ்சு மெத்தைக் கடை, மேலே வீடு. அங்கே ஓர் அறையில் நான்கு சுவரிலும் மெத்தைகளைச் சாத்திப் பாட்டு ரெக்கார்டு செய்வார்.

உள்ளே கை தட்டிப் பார்த்தேன். தட்டியது என் கைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மெத்தை சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான் ஒரு வீடியோ ஆல்பத்தின் பாடகனும் கதாநாயகனுமாகியிருந்த காலம் அது. சங்குமுகம் கடற்கரையில் வாயசைத்து ஓடியதெல்லாம் படமாகிவிட்டது. லாட்ஜ் அறையில் பதிவு செய்த குரலைத்தான் கேபிள் சானல்காரர் திருப்பி அனுப்பினார். "பாடுறது நீங்களா, ஃபேனா?" சனிக்கிழமைக்குள் சுத்தமான குரல் தராவிட்டால் படம் பெட்டிக்குள் போய்விடும்.

"சட்டையக் கழத்துடே," என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி?"

"துணி சரசரங்கும். மைக்குக்குக் காது கூடுதல், கேட்டியா."

வாட்ச், சாவிக்கொத்து, அரைஞாண் எல்லாம் போயின. கம்ப்யூட்டர் இரைகிறதென்று அது அடுக்களைக்குப் போயிருந்தது. மைக்குக்கு முன்னால், அவர் மனைவியின் வளையலில் இழுத்துக் கட்டிய நைலான் துணி. 'ப' சொன்னால் காற்று மோதாதாம். ஃபேன் கிடையாது. மெத்தைகளுக்கு நடுவே வெந்துகொண்டே பாடினேன்.

ஹெட்போனோடு நின்றவர் கையைக் காட்டினார். "எங்கயோ ஒரு உறுமல்."

கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார். எதிர்வீட்டுச் சேச்சியிடம் கெஞ்சி மிக்ஸியை நிறுத்தினார். உறுமல் நிற்கவில்லை. கடைசியில் மைக்கை மெல்ல என் வயிற்றுப் பக்கம் திருப்பினார்.

"லேய், காலைல ஒண்ணும் தின்னல்லியா?"

"பாடணும்னு வெறும் வயித்தோட வந்தேன்."

"நல்ல பாகவதர்! ஏட்டி, ரெண்டு இட்டிலி கொண்டா. மூணு வேண்டாம், ஏப்பம் வரும்!"

பதினேழு தடவை பாடி முடிப்பதற்குள் தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. பதினெட்டாவது தடவை கடைசி வரி எப்படியோ அமைந்துவிட்டது. அது அடங்குமுன் பக்கத்தில் ஒரு குரல்: "கொள்ளாம்!"

மலையாளத்தில் 'நன்றாயிருக்கிறது' என்று சொன்னது வேறு யாருமல்ல, அண்ணாச்சியே. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, நானே கெடுத்துப்போட்டேனே மக்கா! இன்னொரு தடவ!"

எனக்குத் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பதினெட்டாவதையே 'கொள்ளா'மோடு கொடுத்தோம். கடற்கரையில் நின்ற யாரோ சொன்னது என்று நினைத்தாரோ என்னவோ, சானல்காரர் ஒளிபரப்பிவிட்டார்.

இன்று அந்தப் பாட்டைப் போட்டால் என் குரலைக் கேட்க எனக்கே கூச்சம். இருந்தாலும் நடுவில் நிறுத்துவதில்லை. கடைசியில் அண்ணாச்சி வருவார்.