கூடாரம் தாங்கிய கியர்பாக்ஸ்

கழற்றுவார் என்று ஒரு வகை மனிதர் உண்டு. பூட்டுவதெல்லாம் அவர் இலாகா இல்லை. எந்த ஊரிலும் கிடைப்பார். நாரின் என்னும் மலைநகரின் பக்கத்தில் அவர் பெயர் சாகின்பாய்.

கோடை மேய்ச்சலுக்கு அவருடைய ஆடுகள் தம்பியோடு மலைக்குப் போய்விட்டன. கம்பளிக் கூடாரத்தைப் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இவரும் மனைவி புருல்சாவும் சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் நல்ல புல்வெளியில் வேறு எவராவது கூடாரம் அடித்துவிடுவார். ஜீப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது கியரில் லேசாக முனகியது, அவ்வளவுதான். சும்மா விடுவாரா?

"மெக்கானிக்கிட்ட காட்டலாமே," என்றாள் புருல்சா.

"நம்ம வண்டி வயித்த ஊரான் கிழிக்கணுமா? நீ டீ போடு. அது கொதிக்கிறதுக்குள்ள கியர்பாக்ஸ் கீழ இருக்கும்."

டீ கொதித்தது, ஆறியது, மறுபடி கொதித்தது. தரை சில்லென்றிருக்கிறதே என்று கூடாரத்தின் வெள்ளைக் கம்பளியை, அதுவும் புருல்சா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்ததை, வண்டிக்கடியில் விரித்து, சுகமாகப் படுத்து, பின்பக்க ஷாஃப்டை உருவினார். முதலில் எண்ணெயை வடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? போன வாரம் பக்கத்து வீட்டு ஜோல்டோஷுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கம்பளி நிதானமாக எண்ணெயைக் குடித்தது.

பெட்டியைத் தாங்க ஜாக்கி போதவில்லை. கூரைக் கழிகளை எடுத்து முட்டுக் கொடுத்தார். கூடாரத்தை ஜீப் சுமக்க வேண்டியது போய், ஜீப்பைக் கூடாரம் சுமந்தது.

எல்லா போல்ட்டும் கழன்றாயிற்று. பெட்டி மட்டும் அசையவில்லை. தெருவில் போனவரெல்லாம் வந்து குந்தினார்கள். வந்தவருக்கு டீயும் ரொட்டியும் தராமல் இருக்க முடியுமா? புருல்சா மூட்டை கட்டுவதை விட்டு டீ ஊற்றினாள்.

"ஆட்டிப் பாருங்கண்ணே," என்றார் ஜோல்டோஷ், வாயில் ரொட்டியோடு.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. புருல்சாதான் பிடித்துவந்திருந்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எழுந்திருங்க. கம்பளி வேணும்."

எழுந்து வந்தார். அவள் கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டுக் கழிகளில் கை வைத்தாள்.

"ஏய், அத எடுக்காத. கியர்பாக்ஸ் விழுந்துடும்!"

"அதுக்குத்தான இத்தன நாளா கீழ கெடந்தீங்க?"

உருவினாள். தொம்மென்று விழுந்தது. முட்டுதான் அதை விழவிடாமல் தாங்கியிருக்கிறது.

கூடாரத்தோடும் புருல்சாவோடும் லாரி கிளம்பும்போது சாகின்பாய் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கழட்டிட்டேன், பாத்தீங்களா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில், எதிலிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாத திருகாணிகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றனவே, அவற்றைக் கழற்றியவர் யார்? வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள். டீ போடச் சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள்.