தொன்மை போதாத வீடு

பிருந்தாவனத்துக்கு வரும் பக்தர்கள் ஏகமாய்ப் பெருகிவிட்டதால், ஊரை இன்னும் பழமையாக்குவது என்று தொன்மைப் பொலிவு வாரியம் ஏகமனதாகத் தீர்மானித்தது. இந்த மகத்தான பணியின் முதற்கட்டமாக, யமுனைக்கரைச் சந்தில் கேசவ்தேவின் வீட்டு முகப்பை இடிக்கவேண்டியிருந்தது.

கேசவ்தேவ் பரம்பரைப் புரோகிதர். யாத்ரீகர்களுக்குச் சங்கல்பம் செய்துவைத்துப் பிழைப்பவர். முகப்பில் கல்லில் கொத்திய இரண்டு மயில்கள் இருந்தன. யார் கொத்தியது என்று அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கே தெரியாது.

"சாப், இது நிஜமாவே பழைய வீடு" என்றார், பார்வையிட வந்த அதிகாரி சக்சேனாவிடம்.

"அதான் பண்டிட்ஜி பிரச்சினையே. பழசா இருக்கு. தொன்மையா இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதெப்படி? பழசுன்னா காரை உதிரும். தொன்மைன்னா லைட் எரியும். டெல்லிக்காரங்க எது முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

கல் மயில்கள் லாரி ஏறின. அந்த இடத்தில் ஃபைபரில் ரோஜா நிற முகப்பு எழுந்தது. அதில் வரிசையாக மயில்கள், கண்ணுக்குக் கண் பச்சை பல்பு. கூட்டம் நெரிந்தது. எதிர்வரிசை வீடுகள் விடுதிகளாயின. "எங்கள் வீடு மட்டும் ஏன் இன்னும் பழசாகவே இருக்கவேண்டும்?" என்று அக்கம்பக்கத்தார் கொதித்துப்போய் மனுக் கொடுத்தார்கள்.

ஒருநாள் காய்கறிப் பையோடு வந்த கேசவ்தேவைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தினான்.

"ஏன்டா, என் வீட்டுக்குள்ள நான் போகக்கூடாதா?"

"தாராளமா போங்க. போட்டோவுல விழாம போங்க. பின்னாடி சாக்கடைப் பக்கம் வழி இருக்கு."

முறையிடப் போனவரிடம் சக்சேனா கருணையோடு ஓர் ஏற்பாடு சொன்னார். வாசலில் ஒரு மேடை; அதில் 'தொன்மையான குடிமகனாக' கேசவ்தேவே உட்கார்ந்திருக்கலாம்.

உட்கார்ந்தார். ஸ்வெட்டர் போட்டிருக்கிறார், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார், இயல்பாக இல்லை என்று புகார்கள் குவிந்தன. ஆக்ராவிலிருந்து ஒரு நாடக நடிகரை வரவழைத்தார்கள். ஒட்டுச் சடையும் தாடியுமாக அவர் அமர்ந்த மாத்திரத்தில் ஜனங்கள் காலில் விழுந்தார்கள்.

அன்று காலை சாக்கடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த கேசவ்தேவ், தன் மனைவி விமலேஷும் அந்தக் கூட்டத்தில் கைகூப்பி நிற்பதைக் கண்டார்.

"மகராஜ், ஏகாதசி இன்னைக்கா, நாளைக்கா?"

நடிகர் கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்து, "நாளை" என்றார்.

கேசவ்தேவ் பாய்ந்து வந்தார். "அடியே, ஏகாதசி இன்னைக்குடி! பஞ்சாங்கம் பாக்கிறவன் நான் குத்துக்கல்லாட்டம் வீட்ல இருக்கேன், என்னைக் கேக்கக்கூடாதா?"

"சும்மா இருங்க! அவர் முகத்தைப் பாருங்க, எவ்வளவு தொன்மையா இருக்கு! அவர் பொய்யா சொல்வாரு?"

அன்று ஏகாதசி. சந்து முழுவதும் பூரியும் சோறும் மணத்தது. மறுநாள் துவாதசியன்று ஒருவர் பாக்கியில்லாமல் பக்தியோடு பட்டினி கிடந்தார்கள். கேசவ்தேவுக்கும் பட்டினிதான். விமலேஷ் அடுப்பே பற்றவைக்கவில்லை.